உங்களுக்குத் தெரியுமா? விடுமுறையில் பிள்ளைகள் சம்பாதிக்கலாமா?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியதும் பிள்ளைகளுக்கு நேரம் நிறையக் கிடைக்கிறது. "இந்த லீவில் நானே சம்பாதித்து சைக்கிள் வாங்கப்போகிறேன்" என்று பிள்ளை சொன்னால் பெற்றோருக்குப் பெருமையாகவும் இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும். அந்த ஆசையை வளர்க்கவும் வேண்டும், பிள்ளையைக் காக்கவும் வேண்டும். இதற்குப் பிற நாடுகள் கண்ட வழி என்ன, அவை எங்கே தவறின, நம் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ராமேஸ்வரத்தில் ஓர் அணா

1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது அப்துல் கலாமுக்கு எட்டு வயது. அந்த நேரத்தில் கடைத்தெருவில் புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டது. சிறுவன் கலாம் கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்து, மசூதித் தெருவில் இருந்த மளிகைக் கடையில் விற்றார். ஒரு நாள் சேகரிப்புக்கு ஓர் அணா கிடைத்தது.

பிறகு ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது ரத்தானது. பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வெளியே வீசினார்கள். ஊரில் பத்திரிகை விநியோகித்துவந்த உறவினர் சம்சுதீனுக்குக் கட்டுகளைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. கலாம் உதவிக்குப் போனார். தன் முதல் சம்பளத்தை அப்படித்தான் ஈட்டியதாகவும், அரை நூற்றாண்டு கழிந்தும் அந்தப் பெருமிதம் மாறவில்லை என்றும் 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவர் பதிவுசெய்திருக்கிறார்.

நகராட்சி தரும் கோடை வேலை

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் கோடை விடுமுறை வந்தால் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு நகராட்சியே வேலை கொடுக்கிறது. 1951இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்கு 'வேலைப் பள்ளி' என்று பெயர். பூங்காவில் களை எடுப்பது, செடி நடுவது, தெருவையும் விளையாட்டுத் திடலையும் சுத்தம் செய்வது போன்ற வேலைகள். கூடவே ஒரு வழிகாட்டி இருப்பார். ஊதியம் உண்டு. பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே மண்வெட்டியைப் பிடிக்கிறார்கள் என்பதுதான் இதில் சிறப்பு.

பத்தில் ஒரு பங்கு பிள்ளைக்கு

ஸ்வீடனில் ஆண்டுதோறும் மே தினத்தை ஒட்டிய நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னஞ்சிறு செயற்கைப் பூக்களை வீடு வீடாக விற்பார்கள். கோத்தன்பர்க் நகரில் பேடா ஹால்பர்க் என்ற பெண்மணி 1907இல் தொடங்கிய வழக்கம் இது. அன்று காசநோயை ஒழிக்க நிதி திரட்டினார்கள். இன்று அந்தப் பணம் வறுமையில் வாடும் குழந்தைகளுக்குப் போகிறது. விற்ற பிள்ளைக்கு விற்பனையில் 10 சதவீதம் சொந்தம். தர்மத்தையும் சம்பாத்தியத்தையும் ஒரே நாளில் பழகிக்கொள்கிறார்கள்.

நான்கு வயதில் ஒரு சர்பத் கடை

அமெரிக்காவில் கோடை என்றால் வீட்டு வாசலில் பிள்ளைகள் மேசை போட்டு எலுமிச்சை சர்பத் விற்பது பழைய வழக்கம். அலெக்ஸாண்ட்ரா ஸ்காட் என்ற சிறுமிக்கு முதல் பிறந்தநாளுக்கு முன்பே புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2000ஆம் ஆண்டில், நான்கு வயதில், தன்னைப் போன்ற குழந்தைகளுக்கு மருந்து கண்டுபிடிக்க டாக்டர்களுக்குப் பணம் தர வேண்டும் என்று வாசலில் கடை போட்டாள். அந்த ஒரு கடையில் 2,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. செய்தி பரவ, நாடெங்கும் பிள்ளைகள் அவள் பெயரில் கடை போட்டார்கள். 2004இல் எட்டு வயதில் அவள் இறந்தபோது திரண்டிருந்த தொகை 10 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. அவள் பெயரில் இயங்கும் அறக்கட்டளை இன்றும் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி தருகிறது.

சர்பத் கடைக்கும் லைசென்ஸ்!

அதே அமெரிக்காவில், உரிமம் இல்லை என்று பிள்ளைகளின் சர்பத் கடைகளை மூடிய சம்பவங்களும் உண்டு. 2015இல் டெக்சாஸ் மாநிலத்தில் இரண்டு சிறுமிகளின் கடையை போலீஸ் நிறுத்தியது. மக்கள் கொதித்தார்கள். 2018இல் ஒரு சர்பத் பவுடர் நிறுவனம், பிள்ளைகளின் கடைக்கு விழும் அபராதத்தையும் உரிமக் கட்டணத்தையும் 300 டாலர் வரை தானே கட்டுவதாக அறிவித்தது. 2019இல் டெக்சாஸ் சட்டமன்றமே முன்வந்து, பிள்ளைகள் அவ்வப்போது போடும் சர்பத் கடைக்கு உரிமம் கேட்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது.

முதலாளிகளை இறங்கிவர வைத்த சிறுவர்கள்

1899 ஜூலை. நியூயார்க் தெருக்களில் பத்திரிகை விற்ற சிறுவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதிரில் நின்றவர்கள் அந்நாளின் இரு பெரும் பத்திரிகை அதிபர்கள்: ஜோசப் புலிட்சர், வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட்.

சிறுவர்கள் சொந்தக் காசில் பத்திரிகை வாங்கி விற்றார்கள். விற்காமல் மிஞ்சியதைத் திருப்பித் தர முடியாது, நஷ்டம் அவர்களுக்குத்தான். 1898இல் ஸ்பெயினுடன் போர் நடந்தபோது விற்பனை சூடுபிடிக்க, 100 பிரதிகளின் விலை 50 சென்ட்டிலிருந்து 60 சென்ட் ஆனது. போர் முடிந்தும் இந்த இருவர் மட்டும் விலையைக் குறைக்கவில்லை. சிறுவர்கள் இரண்டு வாரம் அந்தப் பத்திரிகைகளைத் தொடாமல் நின்றார்கள். விற்பனை சரிந்தது. கடைசியில் சமரசம் ஏற்பட்டது: விலை 60 சென்ட்தான், ஆனால் விற்காத பிரதிகளை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளும். படிக்க வேண்டிய வயதில் அவர்கள் தெருவில் நின்றது சமூகத்தின் தோல்வி. அந்த நிலையிலும் தங்கள் கணக்கைத் தாங்களே சரியாகப் போட்டது அவர்களின் வெற்றி.

13 வயதில் வருமான வரி

பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட் சிறுவயதில் வாஷிங்டனில் வீடு வீடாகப் பத்திரிகை போட்டார். 1944இல், 13 வயதில், முதல் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தார். அதில் தன் சைக்கிளையும் கைக்கடிகாரத்தையும் தொழில் செலவாகக் காட்டி 35 டாலர் கழித்துக்கொண்டார்!

உழைப்பு மகனுடையது, காசு அப்பாவுடையது

வால்ட் டிஸ்னியின் அப்பா 1911இல் கன்சாஸ் சிட்டியில் பத்திரிகை விநியோக உரிமையை விலைக்கு வாங்கினார். வால்ட்டும் அவர் அண்ணன் ராயும் விடியற்காலையில் எழுந்து, பனி கொட்டினாலும் வீடு வீடாகப் பேப்பர் போட்டார்கள். வால்ட்டுக்கு அப்பா சம்பளம் எதுவும் தரவில்லை. யாரோ ஒருவர் வீட்டுக்குப் பேப்பர் போட மறந்துவிட்டதாகப் பல பத்தாண்டுகள் கழித்தும் தனக்குக் கெட்ட கனவு வருவதாக டிஸ்னி சொல்லியிருக்கிறார். சொந்த வீட்டு வேலை என்றாலும் பிள்ளையின் உழைப்புக்கு மதிப்பு உண்டு என்பதைப் பெற்றோர் மறக்கக் கூடாது.

கோடீஸ்வரக் குழந்தை, காலிப் பெட்டி

சார்லி சாப்ளினின் 'தி கிட்' 1921இல் வெளியானது. அதில் நடித்த சிறுவன் ஜாக்கி கூகன் உலகப் புகழ் பெற்றான். பல லட்சம் டாலர் சம்பாதித்தான். வளர்ந்து ஆளானபின் கணக்குக் கேட்டால், பணத்தின் பெரும்பகுதியை அம்மாவும் அவருடைய இரண்டாவது கணவரும் செலவழித்திருந்தார்கள். 1938இல் பெற்ற தாய்மேலேயே வழக்குப் போட்டு, கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர் மட்டும். இந்த அநியாயத்தைக் கண்டு கலிஃபோர்னியா 1939இல் குழந்தை நடிகர்களுக்கான சட்டம் கொண்டுவந்தது. இன்று அங்கே குழந்தை நடிகரின் ஊதியத்தில் 15 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டே ஆக வேண்டும்.

'என்னைக் காப்பாற்றியிருக்கலாம்'

குழந்தைத் தொழிலாளர்களைப் பயன்படுத்தித் தயாரித்த சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் விற்கக் கூடாது என்று அமெரிக்கா 1916இல் சட்டம் போட்டது. வட கரோலினாவில் பஞ்சாலைத் தொழிலாளியான டேகன்ஹார்ட் என்ற தந்தை, தன் இரு மகன்களும் ஆலையில் வேலை செய்ய உரிமை வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். 1918இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டம் செல்லாது என்றானது.

சில ஆண்டுகள் கழித்து ஒரு பத்திரிகையாளர் இளைய மகன் ரூபனைத் தேடிச் சென்று பேசினார். படிப்பு போயிருந்தது. வாலிப வயதில் எடை 105 பவுண்டு, ஏறக்குறைய 48 கிலோதான். அந்த வழக்கில் தோற்றிருந்தால் தனக்கு நன்மையாக இருந்திருக்கும் என்பதே அவர் பேச்சின் சாரம். பிள்ளையின் பெயரால் பெரியவர்கள் கேட்கும் உரிமை எப்போதும் பிள்ளையின் நன்மைக்கே என்று சொல்லிவிட முடியாது.

நிலையான தடை 1938இல்தான் வந்தது. அந்தச் சட்டப்படி பொதுவாக 14 வயதுக்குக் கீழே வேலை இல்லை. 14, 15 வயதினருக்குப் பள்ளி இல்லாத வாரங்களில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40 மணி நேரம் உச்சவரம்பு. வீட்டுக்கு வீடு பத்திரிகை போடுவதற்கும் நடிப்புக்கும் விலக்கு உண்டு.

வயலுக்கு மட்டும் வேறு நியாயமா?

நெப்ராஸ்கா மாநிலத்தில் ஜூலை மாதம் மக்காச்சோள வயலில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வேலைக்கு இறங்குவார்கள். 12 வயதிலேயே அனுமதி. இரண்டு ரகங்களை வரிசை வரிசையாக நட்டு, ஒரு ரகத்தின் உச்சியில் வரும் ஆண் பூங்கொத்தைப் பிடுங்கிவிட வேண்டும். அப்போது பக்கத்து வரிசையின் மகரந்தம் அதில் விழுந்து கலப்பின விதை உருவாகும். இலை கீறிவிடும் என்பதால் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம்.

இது சில வாரங்களில் முடியும் வேலை. புகையிலை வயலின் கதை வேறு. அமெரிக்கச் சட்டம் விவசாயத்துக்குத் தளர்ந்து கொடுப்பதால், அங்கும் 12 வயதுப் பிள்ளைகள் வேலை செய்ய முடிகிறது. ஈரமான இலையைத் தொடத் தொடத் தோல் வழியே நிகோடின் உடம்பில் ஏறும். வாந்தி, தலைவலி, மயக்கம் வரும். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2014இல் 141 பிள்ளைகளிடம் பேசி இந்தத் துயரத்தை அறிக்கையாக வெளியிட்டது. கடையில் சிகரெட் வாங்க முடியாத பிள்ளை புகையிலை பறிக்கலாம் என்பது எந்த ஊர் நியாயம்?

ஓய்வும் சட்டப்படி கட்டாயம்

பிரிட்டனில் பொதுவாக 13 வயதில் பகுதிநேர வேலைக்குப் போகலாம். உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதிச் சீட்டு தேவை. காலை 7 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வேலை கூடாது. ஆண்டில் குறைந்தது இரண்டு வாரப் பள்ளி விடுமுறையை எந்த வேலையும் இல்லாமல் கழித்தே தீர வேண்டும்.

ஜெர்மனியில் 15 வயது நிரம்பிய பள்ளி மாணவர்கள் விடுமுறை வேலைக்குப் போகலாம். ஆனால் ஆண்டுக்கு மொத்தம் நான்கு வாரம்தான். 13, 14 வயதினர் பெற்றோர் சம்மதத்துடன் நாளுக்கு இரண்டு மணி நேரம் இலகுவான வேலை செய்யலாம்.

ஒரு நாள் வியாபாரி

நெதர்லாந்தில் ஏப்ரல் 27 அரசர் தினம். அன்று யாரும் உரிமம் இல்லாமல் தெருவில் கடை விரிக்கலாம். ஆம்ஸ்டர்டாமின் ஃபோண்டல் பூங்கா அன்று பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. பழைய பொம்மை, படித்து முடித்த புத்தகம் என்று எல்லாம் விலை போகும்.

வேலை கொடுத்தால் வன்முறை குறைகிறது

2012 கோடையில் சிகாகோ நகரம், வன்முறை மிகுந்த பகுதிகளின் பள்ளி மாணவர்களில் சிலரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து எட்டு வாரம் ஊதியத்துடன் வேலை கொடுத்தது. ஆய்வாளர் சாரா ஹெல்லர் அவர்களையும், வேலை கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அடுத்த 16 மாதங்களில் வேலை பெற்றவர்களிடையே வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 43 சதவீதம் குறைவாக இருந்தன. 2014இல் 'சயின்ஸ்' இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது. வேலை முடிந்த பிறகும் பலன் தொடர்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் சட்டம்: 14 வயதுக்குக் கீழே

2016இல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டப்படி 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. விடுமுறை என்றாலும் கூடாது. மீறும் முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

விலக்கு இரண்டுதான். ஒன்று, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக, விடுமுறையில் உதவுவது. குடும்பம் என்றால் யார்? அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், அவர்களோடு சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா. எதிர்வீட்டு அண்ணாச்சியின் கடை இதில் சேராது. அப்பா கடையே ஆனாலும் இரவு 7 மணிக்குமேல் காலை 8 மணிவரை பிள்ளையை நிறுத்தக் கூடாது. நாளுக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது.

இரண்டாவது விலக்கு, சினிமா, தொலைக்காட்சி, விளம்பரம் போன்றவற்றில் நடிப்பது. அதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் நடிக்கவைக்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். உங்கள் பிள்ளை விளம்பரத்தில் நடித்தால் இந்தக் கணக்கை மறக்காமல் கேளுங்கள்.

14 முதல் 18 வரை

இந்த வயதினர் வேலைக்குப் போகலாம். சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள், அபாயகரமான தொழில்முறைகள் ஆகியவற்றுக்கு மட்டும் தடை. மற்ற இடங்களில் மூன்று மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு, ஓய்வையும் சேர்த்து நாளுக்கு ஆறு மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை. ஓவர்டைம் கூடவே கூடாது.

சிவகாசி தந்த தீர்ப்பு

சிவகாசியின் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் படும் பாட்டை வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 1996இல் தீர்ப்பு வந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாயை நல நிதியில் செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது.

பிள்ளையின் கையெழுத்து கட்டுப்படுத்தாது

18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் இந்தியாவில் செல்லாது. 1903இல் பிரிவி கவுன்சில் அளித்த மோகரி பீபி வழக்கின் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. "ஒரு மாதம் வருவேன் என்று எழுதிக் கொடுத்தாய்" என்று எந்த முதலாளியும் ஒரு சிறுவனை மிரட்ட முடியாது.

சம்பாதித்ததை எங்கே வைப்பது?

10 வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே இயக்கலாம். இதற்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. எவ்வளவு பணம் வரை என்பதை வங்கியே தீர்மானிக்கும். அஞ்சலகத்திலும் இந்த வசதி உண்டு.

வரி விஷயத்திலும் ஒரு செய்தி: பிள்ளைகளின் வருமானத்தைப் பொதுவாகப் பெற்றோரின் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஆனால் தன் உடல் உழைப்பால், திறமையால் பிள்ளை ஈட்டும் பணம் அப்படிச் சேராது. அது அந்தப் பிள்ளையின் வருமானம்தான். அதை வங்கியில் போட்டு வரும் வட்டிக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

இன்னும் 13.8 கோடிப் பிள்ளைகள்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024இல் உலகில் சுமார் 13.8 கோடிக் குழந்தைகள் தொழிலாளர்களாக இருந்தார்கள். அவர்களில் சுமார் 5.4 கோடிப் பேர் செய்வது ஆபத்தான வேலை. அவர்களுக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று இல்லவே இல்லை.

உங்கள் பிள்ளை கேட்டால்…

வாசலில் நீர்மோர் விற்கலாம். மாடியில் நாற்று வளர்த்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கலாம். முடித்த வகுப்பின் புத்தகங்களை அடுத்த வகுப்புப் பிள்ளைக்குக் குறைந்த விலையில் தரலாம். வாழ்த்து அட்டை வரையலாம், காகிதப் பை செய்யலாம். தாத்தா பாட்டிக்குச் செல்போனில் கட்டணம் கட்டச் சொல்லித்தரலாம். வெயில் உச்சியில் இருக்கும் 11 மணி முதல் 3 மணிவரை வெளியே எந்த வேலையும் வேண்டாம். முதலுக்கு நீங்கள் கொடுத்த காசையும் சேர்த்து வரவு செலவை எழுதச் சொல்லுங்கள். லாபம் என்பது என்னவென்று அப்போதுதான் புரியும்.

தொடங்கும் முன் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இது பிள்ளையே ஆசைப்பட்டுச் செய்வதா? விளையாடவும் தூங்கவும் நேரம் மிஞ்சுமா? உடம்புக்கோ மனதுக்கோ ஆபத்து உண்டா? கிடைக்கும் காசு பிள்ளையின் கைக்கே போகுமா? நான்கிலும் மனதுக்கு நிறைவான பதில் கிடைத்தால் தாராளமாக அனுமதியுங்கள். ஒன்றில் தடுமாறினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இந்த விடுமுறையில் ஓட்டலிலோ பட்டறையிலோ செங்கல் சூளையிலோ ஒரு சின்னப் பிள்ளை வேலை செய்வதைப் பார்த்தால் கடந்து போய்விடாதீர்கள். 1098 என்ற எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம். பிள்ளைகள் உழைத்துப் பழகட்டும். பிள்ளைகளின் உழைப்பில் பெரியவர்கள் பிழைக்கக் கூடாது.